இருப்பு: செங்கொடியிடம்

காலை பத்தரை மணிக்கு டிரைவர்கள் எங்கள் கேபின் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டார்கள். உள்ளே நானும் செங்கொடியும். பழைய கன்டெய்னர் ஒன்றை வெட்டி, ஜன்னல் வைத்து, ஆபீஸ் என்று பெயர் சூட்டிய பெட்டி அது. எட்டடிக்கு எட்டடி. திருவொற்றியூர் வெயிலில் மனுஷனை வேகவைப்பதற்கென்றே செய்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பது முகங்கள். அவற்றுக்குப் பின்னால் எண்ணூர் சாலை வரைக்கும் டிரெய்லர்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கன்டெய்னர் நம்பர், எடை, சீல் நம்பர் எல்லாம் ஏற்றி டோக்கன் அடித்துக் கொடுக்கும் வாசல் கம்ப்யூட்டர் ஏழு மணிக்கு மண்டையைப் போட்டது. டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. கையால் எழுதிய சீட்டு துறைமுகத்தில் செல்லாது. மூன்றரை மணி நேரமாக நான் "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நானாக இருந்தாலும் தாழ்தான் போட்டிருப்பேன்.

என் பெயர் பிராங்கிளின். வீடு ராயபுரம். இந்தக் கன்டெய்னர் யார்டுக்கும் விம்கோ நகரில் இருக்கும் ஹெட் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் ஆள். வாசல் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் தினமும் ஒரு ஹார்டுடிஸ்கில் தானாக நகல் ஆகிவிடும். நகல் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்பி, அந்த நகலைத் திரும்ப ஏற்ற, அதற்கென்றே தயாரித்த பென்டிரைவ் ஒன்று வேண்டும். பீரோ நிறைய நகை இருந்து சாவி இல்லாவிட்டால் எப்படியோ அப்படி. அதனால்தான் இரண்டு செய்துவைப்பது. ஒன்று கேபின் இழுப்பறையில். இன்னொன்று, மாற்று, செங்கொடியின் பொறுப்பில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று விதி போட்ட மகா புத்திசாலியும் நான்தான்.

இழுப்பறையில் இருந்ததைச் செருகினேன். விளக்கே எரியவில்லை. உப்புக் காற்று அரித்திருந்தது. அது யார் தப்பும் இல்லை. அதற்குத்தானே மாற்று?

மாற்று இல்லை. அது என் தப்பு.

செங்கொடி வாசல் கிளார்க். எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் மாறி வந்து காலை ஆறரைக்குக் கேபினைத் திறப்பவள். ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகும் என்று மேனேஜர் வேலப்பன் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி மூன்று வருடமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. மாற்றுப் பென்டிரைவை ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, அதைத் தினமும் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவாள். கோயிலில் மந்திரித்த ஜெபமாலையைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழாக் கொடியேற்றம். அதற்கு முதல் நாள், புதுப்பிக்க வேண்டும் என்று செங்கொடியிடமிருந்து மாற்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். நிஜமாகவே புதுப்பிக்கத்தான் வாங்கினேன். மறுநாள் சாயங்காலம் கொடி ஏறப்போகிற நேரத்தில் சவுண்டு சர்வீஸ்காரரின் பென்டிரைவ் பாடவில்லை. பங்குச் சாமியார் என்னைப் பார்த்தார். விழாக் கமிட்டியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பையிலிருந்ததை எடுத்து, உள்ளே இருந்ததை அழித்து, மாதா பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தேன். ஒன்பது நாளும் தெருவெல்லாம் அது பாடியது. நாளைக்குப் புதிதாக ஒன்று செய்துவிடலாம் என்று இருந்தேன். ஒன்றாம் தேதி வந்தது. ரிஜிஸ்டரில் வழக்கம்போல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: மாற்று சரிபார்க்கப்பட்டது, இருப்பு செங்கொடியிடம்.

காலை எட்டு மணிக்கு வேலப்பன் போனில் கத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"மாத்து எங்கம்மா? ரிஜிஸ்டர்ல உன் பேர்லதானே இருக்கு?"

செங்கொடி என்னைப் பார்த்தாள். நான் ஹார்டுடிஸ்க் வயரைப் பார்த்தேன்.

"தேடிக்கிட்டு இருக்கோம் சார்" என்றேன்.

போனை வைத்ததும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சார், அது உங்ககிட்டதான கீது? கொடியேத்தத்துக்கு மொத நாளு வாங்கினு போனீங்களே."

"தெரியும். இப்ப அதைப் பேசாதே" என்று எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவனுக்குக் கோபம் மட்டும் எப்படித்தான் வருகிறதோ. அவள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

தாழ் போட்டபின் எனக்கு இருந்தது ஒரே வழி. அதே மென்பொருள் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றிலும் இருக்கிறது. அங்கே போனால் புதிதாக ஒரு பென்டிரைவ் செய்துவிடலாம். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமே என்றால், அங்கே பிரிண்டரில் பேப்பர் வைக்கவே நான்தான் போக வேண்டும். ஜன்னலருகே போய் டில்லிபாபுவிடம் சொன்னேன். டிரைவர்களில் மூத்தவர், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வரிசையில் நிற்பவர்.

"இன்னா மாமு, எங்களுக்கே பூ சுத்துறியா? நீ பூட்டேன்னா திரும்பி வருவியா? துன்னாம தூங்காம இங்க நின்னுகினு கீறோம். ரெண்டு மணிக்குள்ள பொட்டி உள்ள போவலைன்னா கப்பல் பூடும். எவன் பதில் சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செங்கொடி எழுந்து வந்தாள்.

"அண்ணாத்த, நான் இங்கயே கீறேன். அவரு வரலைன்னா என்னியக் கேளு. கதவ நீயே சாத்திக்கோ."

அவர்கள் கதவைத் திறந்தார்கள். என்னை வெளியே விட்டு, அவளை உள்ளே வைத்துச் சாத்தினார்கள். தாழ் விழுந்த சத்தம் என் முதுகில் விழுந்தது.

டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை நுழைத்து விம்கோ நகர் போய்ச் சேர்ந்தேன். இரண்டு புதுப் பென்டிரைவ் எடுத்து ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. பன்னிரண்டு சதவீதம். பதினாலு. வேலப்பன் பின்னால் வந்து நின்றார்.

"சார், மாத்து அவகிட்ட இல்லை. நான்தான் வாங்கினேன். கோயில் பாட்டு ஏத்திட்டேன். கையெழுத்தும் பொய்" என்றேன். சொல்லிவிட்டேன் என்று நெஞ்சு லேசானது. ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் அவர், தண்ணீர் குடித்துக்கொண்டே. "முதலாளி ஒரு பேர் கேக்கறார், பிராங்கிளின். உன்னை அனுப்பிட்டா இதெல்லாம் யார் பார்ப்பா? உனக்கு மாத்து இல்லை. அந்தப் பொண்ணு இடத்துக்கு நாளைக்கே பத்துப் பேர் வருவாங்க."

ஒரு கவரை மேஜையில் வைத்தார். மெமோ. ஏற்கெனவே டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தியது. "போறப்ப அவகிட்ட குடுத்துடு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

கவரைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. பச்சைக் கோடு இரண்டாவது தடவையும் நூறைத் தொட்டதும் இரண்டு பென்டிரைவையும் அந்தக் கவரையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஜானட் என் மனைவி. இப்போது ஏழு மாதம். வழி முழுக்க அவளைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காரணம் நல்லதாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் கசந்தது.

கேபினுக்கு வந்தபோது பன்னிரண்டரை. தாழ் திறந்தார்கள். செங்கொடி நாற்காலி நுனியில் கால்களை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்க வியர்வை.

"சார், மொதல்ல என்னிய பாத்ரூம் போவ உடச் சொல்லுங்க. கேட்டேன், உடமாட்டேன்னுட்டானுங்க."

என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. டில்லிபாபுவிடம் திரும்பி, "அந்தப் பொண்ணை விடுங்க. நான் உள்ளே இருக்கேன். வெளியிலே தாழ் போட்டுக்கங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்கு வழிவிட்டார். யார்டின் கோடியில் இருந்த கழிப்பறைக்கு அவள் ஓடினாள். எனக்குப் பின்னால் தாழ் விழுந்தது.

பென்டிரைவ் கையில் இருந்தது. செருகி, நாலு பட்டனைத் தட்டினால் அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். எழுந்துவிட்டால் வேலப்பனுக்கு நான் தேவைப்பட மாட்டேன், அடுத்த தடவை அது சாகும்வரை. போன் போட்டேன்.

"சார், பென்டிரைவ் தயார். ஆனா செருகலை. மெமோவை என் பேருக்கு மாத்தி வாட்ஸப்புல அனுப்புங்க. செங்கொடி மேல தப்பு இல்லைன்னு அதுலயே எழுதணும். கையெழுத்து, சீல் எல்லாம் வேணும்."

"மிரட்டறியா? நீ உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கே, ஞாபகம் இருக்கட்டும்."

"ஆமா சார். மணி பன்னெண்டே முக்கால். உங்களுக்கும் ரெண்டு மணிதானே?"

அவர் என் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். வெளியே ஒருவன் ஜன்னல் கம்பியை இரும்பால் தட்டி, "இன்னா பண்ணிகினு கீற, போடுறா" என்று கத்தினான். நான் பென்டிரைவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். சிறுநீர் முட்டியது. யாரிடம் கேட்பது?

செங்கொடி தன் வேலைக்குத் திரும்பி வந்தாள்; தாழைத் திறந்து அவளை உள்ளே விட்டு மறுபடி போட்டார்கள். மேஜைமேல் அவள் பெயர் எழுதிய கவர் இருந்தது. நான் ஒளித்துவைக்கவில்லை. பிரித்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள். மடித்து அதே கவரில் போட்டாள். அவள் நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் சிணுங்கியது. மெமோ. என் பெயர். செங்கொடியின் தரப்பில் தவறு இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, கணினியைச் சரிசெய்தவுடன் பிராங்கிளின் தன் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும் என்று இன்னொரு வரி. உனக்கு மாற்று இல்லை என்று சொன்ன மனுஷன் ஒன்றரை மணி நேரத்தில் மாற்று கண்டுபிடித்துவிட்டார்.

போனை அவளிடம் நீட்டினேன். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைச் செருகினேன். விளக்கு எரிந்தது. திரை வெளுத்து, நகலை ஏற்றட்டுமா என்று கேட்டது. ஏற்று என்று தட்டினேன். ஒன்று முப்பத்தெட்டுக்குப் பிரிண்டர் கரகரவென்று முதல் டோக்கனைத் துப்பியது. டில்லிபாபு தாழைத் திறந்துவிட்டுத் தன் வண்டிக்கு ஓடினார்.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜானட்டிடம் என்ன சொல்வேன் என்று வந்ததா, வெட்கத்தில் வந்ததா, தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு சார் அழுவுறீங்க?" என்றாள் செங்கொடி. "காலைல எட்டு மணிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. நான் அப்பத்துலருந்து அழுவாமதான் ஒக்காந்துகினு இருந்தேன்."

ஜன்னலில் அடுத்த டிரைவர் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"எழுந்திருங்க சார்" என்றாள். "அது என் நாற்காலி."