தகரக் கூரையில் துர்சுன்

கூரை மேஸ்திரி துர்சுன், பின்னாஸ் வீட்டுக்குத் தகரம் போட்டு முடித்து ஏணியில் இறங்கியபோது அவனுடைய நிழல் இறங்கவில்லை. அர்தஹான் மேட்டு ஊர்களில், சனவரிக் குளிரில் வெறுங்கை தகரத்தில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிழலும் ஒட்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. துர்சுன் என்றால் எங்கள் பேச்சில் 'இருக்கட்டும்' என்று அர்த்தம். முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்காமல் போனதால், இதாவது இருக்கட்டும் என்று அவன் தாய் வைத்த பெயர். பெயருக்கு ஏற்ற மாதிரி நிழல் இருந்துவிட்டது என்று ஊர் சிரித்தது.

புத்தியுள்ளவன் எவனும் நடுக்குளிரில் கூரை போட மாட்டான். ஆனால் பின்னாஸின் மண்கூரை பனியின் பாரத்தில் உள்ளே விழுந்திருந்தது. புருஷன் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் இறந்திருந்தான். அவளும் மகள் ஸோஹ்ரேயும் தொழுவத்தில் மாட்டின் சூட்டில் படுத்துக்கொண்டிருந்தார்கள். துர்சுன் பாவம் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான், அதையும் சொல்லியாக வேண்டும். தகட்டில் படிந்த உறைபனியைத் துடைப்பத்தால் தள்ளி, திருகாணிகளை அக்குளில் வைத்துச் சூடாக்கி, விறைத்த ரப்பர் வளையம் வெடிக்காதபடி பார்த்துப் பார்த்து முறுக்கினான். மிச்சம் இருந்தது வாசலுக்கு நேர் மேலே வைக்க வேண்டிய பனித்தடுப்பு மட்டும். வழுக்கும் தகரத்தில் சேர்ந்த பனி மொத்தமாகச் சரிந்து ஆள் தலையில் விழாமல் நிறுத்தும் இரும்புப் பட்டை அது. விரல்கள் மரத்துவிட்டன, துளை போடும் கருவியின் பேட்டரி குளிரில் செத்துவிட்டது, கீழே சூப் கொதிக்கும் வாசனை வேறு. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டைகளைச் சாக்கில் சுருட்டினான்.

கூரை முடிந்தால் மேஸ்திரிக்கென்று முகட்டில் ஒரு துணி கட்டுவது எங்கள் வழக்கம். பின்னாஸ் கட்டியிருந்தது செத்துப்போன புருஷனின் கம்பளிச் சட்டை. வீட்டில் வேறு நல்ல துணி கிடையாது. துர்சுன் அதை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். எல்லாம் வைத்தாயிற்றா என்று அவள் கேட்டதற்கு, ஆயிற்று என்றான். அதன்பிறகு மேஸ்திரி 'ஹலால் பண்ணுங்க' என்று கேட்க வேண்டும், வீட்டுக்காரர் 'ஹலாலாகட்டும்' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஒருவர்மேல் ஒருவருக்குப் பாக்கி இல்லை. துர்சுன் அதைக் கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான்.

நிழல் வாசலுக்கு மேலே குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக் கிடந்தது. பெய்த பனியெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சேர்ந்தது, ஒரு பிடி கூடச் சரியவில்லை. ஊர் பனியைப் பார்க்கவில்லை, படுத்திருந்த நிழலைத்தான் பார்த்தது. டீக்கடையில் ஜெம்ஷித் தொடங்கிவைத்தான்.

"ஏம்ப்பா துர்சுன், நீ பொண்டாட்டி பக்கத்துல படுக்கறே, உன் நிழல் விதவை வீட்டு மேல படுக்குது. ரெண்டு வீட்டு விறகும் உன் தலையிலதானா?"

எல்லோரும் சிரித்தார்கள், துர்சுனும் சிரித்துவைத்தான். நிழலைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் நீயும் அங்கேயே போய்விடு என்றாள் அவன் மனைவி ஹாஜர். அவனை அத்தோடு விட்டார்கள். பின்னாஸை விடவில்லை. ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்பில் அவள் முறை வரும்போது பெண்கள் தீயை அணைத்துவிட்டுப் போனார்கள். வசந்தம் வந்தது, துர்சுன் ஏறித் தடுப்பை வைத்திருக்கலாம். வைத்தால் முன்பு வைக்கவில்லை என்பது தெரிந்துவிடும், அப்புறம் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று சும்மா இருந்தான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேதான் இருந்தான், போடும்போதெல்லாம் உடம்பு கூசியது. கூசியும் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் வருஷப் பனியில் பின்னாஸின் கொழுந்தன் கஹ்ரமான் குதிரைச் சறுக்கு வண்டியோடு வந்தான். பேர் கெட்ட வீட்டில் அண்ணன் மகள் வளரக் கூடாதாம், ஸோஹ்ரேயைக் கொண்டுபோகிறானாம். பின்னாஸ் மகளை இடுப்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஊரே வேடிக்கை பார்த்தது, தடுக்க ஒருத்தரும் இல்லை. சேதி டீக்கடைக்கு எட்டியதும் துர்சுன் தன் வீட்டுக்கு ஓடி, சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாஸ் வாசலுக்கு வந்து, துருப்பிடித்த பட்டைகளை எல்லோர் காலடியிலும் கொட்டினான்.

"நிழல் அங்க குடித்தனம் பண்ணல. நான் வைக்காம விட்ட தடுப்பு வேலையைப் பார்க்குது. வச்சாச்சுன்னு பொய் சொன்னது நான். இந்தத் தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல."

கஹ்ரமான் அண்ணாந்து பார்த்தான். பனிக்கு அடியில் நிழலின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மெல்ல வாசலைவிட்டு விலகிப் போய், வெறும் வண்டியோடு குதிரையைத் திருப்பினான்.

துர்சுன் அன்றைக்கே ஏறித் தடுப்பை வைத்தான். நிழல் அசையவில்லை. இறங்கி வந்து, சட்டையைக் கழற்றி மடித்து வாசற்படியில் வைத்தான். அந்தக் குளிரில் பனியனோடு நின்றான்.

"வெந்நீர் ஊத்தி ஒட்டின நிழலை எடுத்துடறேன். என்னை ஹலால் பண்ணிடு தங்கச்சி."

பின்னாஸ் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். முழங்கை தேய்ந்து நூல் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவனை மேஸ்திரி என்று மட்டுமே கூப்பிட்டவள், முதல் தடவையாக வேறு வார்த்தை சொன்னாள்.

"துர்சுன்."

சொல்லிவிட்டுச் சட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாளா, நிழல் இருக்கட்டும் என்றாளா, பாக்கி இருக்கட்டும் என்றாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. திரும்பப் போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை. ஸோஹ்ரே வளர்ந்து அந்த வாசலிலிருந்தே கல்யாணமாகிப் போனாள், இப்போது பனிக்காலத்தில் பிள்ளைகளோடு வந்து தங்குகிறாள். இரும்புத் தடுப்பும் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள்.