நெல் காய்ந்த பக்கம்

லொறியிலிருந்து குதித்து ஓடி வந்த மனிதர், "ஆளுக்கு ஒண்டுமில்லைத்தானே தங்கச்சி?" என்று கேட்டார். ராஜினி இல்லையென்று தலையாட்டி முடிக்கவில்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. "ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா?" பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இப்போதெல்லாம் மோதிக்கொள்கிறவர்கள் இந்த ஒழுங்கில்தான் சுகம் விசாரிக்கிறார்கள். முதலில் உயிர், அடுத்தது இன்சூரன்ஸ், ஊர் பேரெல்லாம் பிறகு.

"தேர்ட் பார்ட்டி," என்றாள். அவளுடைய ஓட்டோவின் முன்சில்லு ஒருபக்கமாக முறுகிக் கிடந்தது. முன்கண்ணாடி தார் வீதியெல்லாம் பொடியாகச் சிதறியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியே திரும்பி வந்த நேரம். பிள்ளைகள் உள்ளே இருந்திருந்தால்? ஐயோ, அந்த நினைப்பே வேண்டாம் என்று தலையை உலுப்பிக்கொண்டாள். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் அதுகள் கேற்றடியில் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாளைக்கும் நிற்கும். ஓட்டோ ஒரு கிழமை ஓடாமல் கிடந்தால் தாய்மார் வேறு ஓட்டோவைப் பிடித்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் ஏலாது.

லீசிங் கடன் கட்டி முடியும்வரை ஃபுல் இன்சூரன்ஸ் போட்டேயாக வேண்டும் என்பது கம்பனிக்காரரின் சட்டம். கடைசித் தவணை கட்டிய அன்று, வண்டி இனி எனக்குச் சொந்தம் என்று ராஜினி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. வெளிநாட்டு வாகனம் வராமல் நின்ற வருஷங்களில் பழைய ஓட்டோவெல்லாம் தங்க விலைக்கு ஏறியிருந்தன. வண்டியின் பெறுமதி கூடிவிட்டதாம், ஆகவே ஃபுல் இன்சூரன்சும் கூடுமாம். "உங்கட ஓட்டோ இப்ப நல்ல பெறுமதி அக்கா," என்று கவுண்டரில் இருந்த பெட்டை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஓட்டோவுக்குப் பெறுமதி ஏறியதே தவிர ஓட்டுகிறவளின் உழைப்புக்கு ஏறவில்லை. பெற்றோல் ஏறி, கரண்ட் பில் ஏறி, சீமெந்து விலையில் ஆரும் வீடு கட்டாமல், மேசன் வேலைக்குப் போகும் அவள் புருசன் ஜனார்த்தனன் பாதி நாள் வீட்டில் இருந்தான். "இவ்வளவு காலத்தில ஒரு கீறல் விழேல்லை. ஆருக்கப்பா அள்ளிக் குடுக்கிறாய்?" என்று அவன்தான் கேட்டான். அவளும் ஓமென்று தேர்ட் பார்ட்டி போட்டுவிட்டு, மிச்சக் காசில் பின்பக்க ரயரை மாற்றினாள். மோதுபட்டவனின் சேதத்தை மட்டும் கம்பனி பார்க்கும், தன் வண்டி நொறுங்கினால் தன் பாடு. தெரியாமல் போடவில்லை. நொறுங்காது என்று நினைத்தாள், அவ்வளவுதான். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது அவள் தனியே எடுத்த முடிவாக மாறியிருக்கும். ஜனார்த்தனன் நல்ல மனுசன்தான், ஆனால் இந்த விஷயத்தில் எல்லா ஆம்பிளைகளையும் போலத்தான்.

மோதியதுகூட ஒரு கூத்து. மாசி அறுவடை. தர்மபுரம் தாண்டியதும் அவள் வந்த இடப்பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தது. ஓரத்தில் கல் வைத்து, தொடக்கத்தில் ஒரு பச்சைக் கொப்பு முறித்துப் போட்டிருந்தார்கள். மிச்சம் பாதி வீதிதான். முதலில் நுழைந்த வண்டி போகும், எதிரே வருகிறவர் நின்று வழி விடுவார். அறுவடைக் காலத்தில் இந்த வீதிக்கு அதுதான் எழுதாத சட்டம். ராஜினிதான் முதலில் நுழைந்தாள். பாதி தூரம் போனபோது லொறி நிற்காமல் எதிரே வந்தது. இடப்பக்கம் வெட்டி நெல்லுக்குள் விட்டிருந்தால் தப்பியிருப்பாள். கை வரவில்லை. செருப்புக் காலோடு நெல்லில் ஏறினதற்கே தாயிடம் அடி வாங்கி வளர்ந்தவளுக்கு, மூன்று சில்லையும் அதன்மேல் ஏற்ற எப்படிக் கை வரும்? பிரேக்கை அமத்திக்கொண்டு தாரிலேயே நின்றாள். லொறியும் பிரேக் பிடித்துத்தான் வந்து இடித்தது. இல்லாவிட்டால் கதையே வேறு.

"நெல்லுக்குள்ள விட்டிருக்கலாமே பிள்ளை," என்றார் லொறிக்காரர்.

"சோறல்லோ," என்றாள் ராஜினி.

லொறிக்காரருக்கு அப்துல் மஜீத் என்று பெயர். முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றி வருகிறவர். அவருடைய லொறியில் ஒரு லைற் உடைந்து பம்பர் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"இந்தா பாருங்கோ, அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லுறன். நீங்கள் முந்தி நுழைஞ்சதைக் கண்டனான். அதுக்குள்ள எடுத்திடலாமெண்டு மிதிச்சன். பிழை என்ர. என்ர லொறி இன்னும் லீசிங்கில, அதால ஃபுல் கிடக்கு. நான் பிழையை ஒத்துக்கொண்டா என்ர கம்பனி உங்கட ஓட்டோவையும் செய்து தரும். கம்பனி ஆளுக்குப் போன் எடுத்திட்டன். வந்து படம் எடுக்குமட்டும் ஒண்டையும் அசைக்காதேங்கோ."

ராஜினிக்கு அழுகை வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுசனா என்று நினைத்து, கும்பிடப் போன கையை அப்படியே கீழே விட்டாள். ஏனென்றால் அந்த நேரம் வேலிக்குள்ளிருந்து ஒரு பெண் சாக்கும் சுளகுமாக ஓடி வந்து, குந்தியிருந்து நெல்லை அள்ளத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, அள்ளாதேங்கோ!" என்று ராஜினி கத்தினாள்.

பெண் நிமிரவில்லை. மஜீத் கிட்டப் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "நெல் கிடந்தாத்தான் நான் சொல்லுறது எடுபடும். நெல் இல்லாட்டிப் படத்தில என்ன தெரியும்? வெறும் றோட்டில இந்தப் பிள்ளை பிழையான பக்கம் வந்து நிக்குது. கம்பனி ஒரு சதம் குடாது."

"படத்துல நெல்லு விழுந்தா, ரோட்டுல காயப்போட்டதுக்குப் பொலிசு வரும்," என்றாள் அந்தப் பெண். இரஞ்சிதம். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம், பேச்சில் அது இன்னும் இருந்தது. "போன போகத்துல எங்க மச்சானைக் கோர்ட்டு கோர்ட்டா அலைய விட்டாங்க. எனக்கு ஏது அலைய வசதி? குத்தக வயலும்மா. ஈரம்னு யாவாரி எடுக்க மாட்டேங்கிறான். வீட்டு முத்தம் பூரா சேறு. நான் எங்கதான் கொண்டுபோயிக் காயப்போடுறது?"

"உங்கட நெல்லாலதானே எனக்கு இந்தக் கெதி!" ராஜினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீதி என்ன இவளின் முற்றமா? தன் வீட்டுச் சோறே நொறுங்கிக் கிடக்க, இவள் தன் நெல்லை மட்டும் பொறுக்குகிறாளே!

இரஞ்சிதம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாம்மா. என் நெல்லுல ஏத்தியிருந்தா ஒனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நான் வேலிக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அதைச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். இப்போது கை முன்னைப்போல வேகமாக ஓடவில்லை. ஒரு கையால் சாக்கின் வாயைப் பிடித்து மறுகையால் சுளகைச் சரித்தபோது பாதி நெல் வெளியே கொட்டியது.

தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. "வாறான்போல கிடக்கு," என்றார் மஜீத். "தங்கச்சி, நீங்கள்தான் சொல்லோணும். அள்ளட்டோ, விடட்டோ?"

ராஜினி செருப்பைக் கழற்றினாள். தடுக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நெல்லுக்குள் இறங்கினாள். வெயிலில் கிடந்த நெல் உள்ளங்காலைச் சுட்டது. கிட்டப் போனதும் சாக்கு மறுபடி சரிந்தது, நெல் மறுபடி கொட்டியது. கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. குனிந்து சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கொட்டக்கூடாது, அவ்வளவுதான். வேறொன்றும் அவள் முடிவெடுக்கவில்லை. இரஞ்சிதம் ஒரு சுளகு போட்டாள், இன்னொரு சுளகு போட்டாள்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பொடியன் லொறியைப் பார்த்தான், ஓட்டோவைப் பார்த்தான், பாதி அள்ளியும் பாதி அள்ளாமலும் கிடந்த நெல்லைப் பார்த்தான். போனை எடுத்து உயர்த்தினான், பிறகு இறக்கினான்.

"இது ஆரிண்ட நெல்?"

இரஞ்சிதத்தின் சுளகு பாதியில் நின்றது. மஜீத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பொடியனின் கண், வெறுங்காலோடு சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளில் வந்து நின்றது.

"உங்கட நெல்லோ அக்கா?"

ஓமென்றால் ஓட்டோ போச்சு. தன் நெல்லாலேயே இடிபட்டவளுக்கு எந்தக் கம்பனி கொடுக்கும்? இல்லையென்றால் அடுத்த கேள்வி, அப்ப ஆரிண்ட? எதிரே இரஞ்சிதத்தின் மூச்சு இவளுக்குக் கேட்டது.

ராஜினி சாக்கின் வாயை விடவில்லை. அவளுடைய செருப்பு இரண்டும் நெல்லின் ஓரத்தில், நொறுங்கிய ஓட்டோவைப் பார்த்தபடி கிடந்தன.