ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க

வெள்ளம் வடிந்து பதினைந்து நாளாயிற்று. முகாம்தான் வடிவேனா என்றது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அறுபது குடும்பங்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டவர் ஜபருல்லா. கோட்டைமேட்டில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். மழை கொட்டிய அன்று இரண்டு அண்டாவும் கேஸ் அடுப்புமாக வேனில் வந்து இறங்கினார். பின்னாலேயே வந்த காலேஜ் பிள்ளைகளும் மார்க்கெட் வியாபாரிகளும் வேலை ஓய்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். இவர்தான் கடைசிக் குடும்பத்தையும் அனுப்பி அடுப்பை அணைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார். ஆறாம் நாளே மகள் ரம்ஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியை இதுவரை செல்போனில்தான் பார்த்திருக்கிறார்.

ஐம்பத்தொன்பது குடும்பங்கள் வீடு திரும்பியாயிற்று. மிச்சம் சுப்பண்ணனும் அவர் மனைவி பழனாத்தாளும். அவர்கள் வீட்டில் சேறு வாரியாயிற்று, சுண்ணாம்பு அடித்தாயிற்று, நாலு நாளைக்கு முன்பே கரண்டும் வந்தாயிற்று. ஆள்தான் நகரவில்லை. கிளம்புங்கள் என்று சொல்ல ஜபருல்லாவுக்கு நாக்கு எழவில்லை. சோறு போட்ட கையே வாசலைக் காட்டுமா?

தினமும் நடப்பது இதுதான். காலையில் சுப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்ப நாங்க வாரமுங்க என்பார். ஜபருல்லாவின் வாய் அவரைக் கேட்காமலேயே, இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க என்றுவிடும். அவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்தால் வெயில், வெயில் தாழ்ந்தால் காப்பி, காப்பி குடித்தால் இருட்டு. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. ஊருக்கே பொங்கிப் பழகிய கைக்கு மூன்று பேர் அளவு பிடிபடாமல், தினமும் பத்துப் பேர் சோறு வெந்துகொண்டிருந்தது.

முகாம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள் மதியம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ரம்ஷா வீடியோவில் அழைத்தாள். அத்தா, இவ முழிச்சிருக்கா பாருங்க என்று காட்டினாள். குழந்தை பார்க்கவில்லை, வீறிட்டது. யார் பிள்ளை என்று பழனாத்தாள் கேட்டாள். பேத்தி, பதிமூன்று நாளாகிறது, இன்னும் கையில் தூக்கவில்லை என்று ஜபருல்லா சொன்னார். சொன்ன பிறகுதான், போ என்று சொல்லாமல் சொன்னதுபோல் ஆகிவிட்டதோ என்று சுருக்கென்றது.

பழனாத்தாள் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "ஏனுங்க, அப்பறம் எதுக்குங்க இங்கயே இருக்கறீங்க?"

"நீங்க ரெண்டு பேரு இருக்கறீங்களேங்க."

சுப்பண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் இலையைப் பார்த்தாள்.

"நாங்க உங்களுக்காகத்தானுங்க இருக்கறோம்" என்றார் சுப்பண்ணன். "தெனமும் இத்தன சோத்த ஆக்கிப்போட்டு இருங்க இருங்கங்கறீங்க. மனுசன் ஆசையா ஆக்கறாரு, திங்க ஆளில்லாட்டி மனசு ஒடஞ்சு போவாருன்னு இவதான் சொன்னா. எங்க ஊட்டுக்குப் போவோணும்னு எங்களுக்கு ஆசை இருக்காதுங்களா?"

ஜபருல்லாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, தன் வாயின் மேல். பிறகு சிரிப்பு வந்தது. ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் மூட்டை கட்டியாயிற்று. கடைசி அண்டாவைப் பழனாத்தாளே கழுவிக் கவிழ்த்தாள். ஜபருல்லா அடுப்பை அணைத்து, ட்யூபைக் கழற்றி, மண்டபத்துச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்தார். அவர்கள் வீடும் கோட்டைமேட்டுக்குப் போகிற வழியில்தான். இருவரையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டார்.

வாசலில் இறக்கிவிட்டபோதுதான் அவருக்கு அடுத்த சிக்கல் உறைத்தது. வாசல்வரை வந்த மனிதரை உள்ளே கூப்பிடாமல் விடுகிற ஊரா இது? காப்பி என்பார்கள், பிறகு சோறு என்பார்கள், பொழுது போய்விடும். மறுத்தால் மரியாதை இல்லை. விதியே என்று ஒரு காலைக் கீழே வைத்தார்.

பழனாத்தாள் ஓடிப்போய் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள். பெரிய தப்புச் செய்கிற முகம்.

"இன்னைக்கு எங்க ஊட்டுக்குள்ள வர வேண்டாமுங்க" என்றாள். "போயிப் புள்ளையத் தூக்குங்க."

ஜென்மத்தில் அவள் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை அது. ஜபருல்லா தலையை ஆட்டிவிட்டு, கீழே வைத்த காலை வேனுக்குள் எடுத்துக்கொண்டார்.