கடல் தாண்டியவளைக் கேட்க வேண்டியதில்லை

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று என் தம்பிகள் இரண்டு பேரும் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அதை மறுத்ததில்லை. அங்கன்வாடியில் அத்தனை பிள்ளைகளை உட்காரவைத்து, முட்டை ஊட்டி, தூங்கவைக்கிற மணிமொழி டீச்சருக்குக் கோபம்கூட இல்லையென்றால் வேறு என்னதான் இருக்கும்? ஆனால் அந்தக் கோபத்துக்குப் பயந்து என்னை நாடு கடத்துவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பெரிய தம்பி தங்கதுரை வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். கரும்பு, மரவள்ளி என்று விவசாயம். அவனுக்கு ஒரே பெண், எழில்மதி. சின்னவன் இளஞ்செழியன் கேட்டரிங் படித்துவிட்டு, கிரேக்க நாட்டில் நாக்சோஸ் என்கிற தீவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். எனக்கும் ஒரே பையன், அஜித். கள்ளக்குறிச்சியில் டிராக்டர் ஷோரூமில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான்.

எழில்மதி பிறந்த அன்றைக்கு அவள் வாயில் சேனைத் தண்ணீர் தொட்டு வைத்தவள் நான். "என் மருமவ வந்துட்டா" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு சொல்லாத நாள் இல்லை. அவள் அம்மா விடிவதற்குள் கரும்புக் கொல்லை வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் பள்ளிக்கூட நாளெல்லாம் எழிலுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். என் வளையல் அவளுக்கு, என் பையன் அவளுக்கு என்று மனசுக்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். அவள் என் வீட்டுக்கு விளக்கேற்ற வருவாள் என்பதைத் தவிர எனக்குப் பெரிதாக ஆசை எதுவும் இருந்ததில்லை.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. அத்தை வீட்டில் பையன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதானால், நிச்சயத்தன்று சபையில் பெரியவர் ஒருவர் எழுந்து, "முறைக்காரங்க யாராச்சும் இருக்கறீங்களா?" என்று மூன்று முறை கேட்பார். அத்தைக்காரி எழுந்து வந்து தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டால் உரிமையை விட்டுக்கொடுத்தாள் என்று அர்த்தம். எடுக்காமல் நின்றாள் என்றால் தட்டு மாற்ற முடியாது. என் அத்தை ஒருத்தி அப்படி நின்று, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமலே வேன் ஏறிப் போனதை நான் பாவாடை சட்டை வயதில் பார்த்திருக்கிறேன். அத்தைக்காரி கடல் தாண்டிப் போயிருந்தால் மட்டும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய் வருஷக்கணக்கில் திரும்பாதவர்களுக்காக வைத்த விதி அது.

பங்குனி மாதம் இளஞ்செழியன் போன் செய்தான்.

"யக்கா, மே மாசம் உனுக்கு லீவுதான? இங்க வந்து சுத்திப் பாரு. நீ பாண்டிச்சேரி கடலத் தாண்டி இன்னாத்த பாத்திருக்கற?"

"மாட்ட யாரு பாக்கறது?" என்றேன். எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

அதற்கும் ஏற்பாடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பார்த்துக்கொள்வாளாம். அஜித் என்னைப் பாஸ்போர்ட்டுக்குக் கூட்டிப் போனான், விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்குக் கூட்டிப் போனான். வீட்டில் ஒரு பல்பு மாற்ற நாலு தடவை சொல்ல வேண்டிய பிள்ளை, எனக்கு ஷூ வாங்கி வந்து அவனே கட்டிவிட்டான். எழில் என் பெட்டியை அடுக்கினாள். கருவாட்டை எத்தனை கவர் போட்டுச் சுற்றினால் வாசனை வராது என்று போனில் தேடிப் பார்த்துச் சுற்றினாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைத்து நானும் அழுதேன்.

தீவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பொய்க்காக அனுப்பினார்கள் என்றாலும் பார்த்ததெல்லாம் நிஜம்தானே.

கப்பல் உள்ளே நுழையும்போதே ஒரு மேட்டில் கல்வாசல் ஒன்று தெரிந்தது. நிலைப்படி மட்டும் நிற்கிறது, பின்னால் கோயிலே இல்லை. வாசல் வழியாகப் பார்த்தால் கடல். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டானாம். சாயங்காலமானால் ஜனங்கள் அங்கே போய் உட்கார்ந்து சூரியன் விழுவதைப் பார்க்கிறார்கள். விழுந்து முடிந்ததும் கை தட்டுகிறார்கள். "நம்மூர்ல தெனமுந்தான் வுழுவுது, எவன் கை தட்றான்?" என்று கேட்டேன். இளஞ்செழியன் சிரித்துக்கொண்டே படம் எடுத்தான். மறுநாள் நானும் கை தட்டினேன்.

கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியார் பெயர். தண்ணீர் அப்படி ஒரு நீலம். உள்ளே நின்றால் கால்விரல் மெட்டி தெரிகிறது. வெள்ளைக்காரர்கள் களத்தில் மிளகாய் காயப்போட்ட மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். முதல்நாள் நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். என் ஊரில் நான் கடைக்குப் போய் வந்தாலே என்ன வாங்கினேன் என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றேன், ஒருத்தரும் திரும்பவில்லை. ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். மே மாதத்திலும் தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

மலைக்கிராமங்களுக்குக் கூட்டிப் போனான். வளைந்து வளைந்து ஏறும் சாலை, எங்கள் கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் போகிற மாதிரியே இருந்தது. சாலையோரம் ஆடுகள், பள்ளத்தில் ஆலிவ் மரங்கள். வடகோடியில் ஒரு கல் உடைக்கிற இடத்தில் பெரிய ஆள் ஒருத்தரை மல்லாக்கச் செதுக்கி, முடிக்காமல் அப்படியே போட்டிருந்தார்கள். ஆதிதிருவரங்கத்தில் பெருமாள் படுத்திருக்கிற நீளம் இருக்கும். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "அது சாமியா இன்னான்னே யாருக்கும் தெரியாதுக்கா" என்றான் தம்பி. "இவ்ளோ பெருசா படுத்திருந்தா சாமிதான்டா" என்றேன்.

சீசன் தொடங்குகிற நேரத்தில் ஓட்டல்காரர் இவனுக்கு எப்படி இத்தனை நாள் லீவு கொடுத்தார் என்று எனக்கு ஆச்சரியம். "மொதலாளி நல்ல மனுசன்க்கா" என்றான். தினமும் எழில் போனில் வருவாள். "அத்த, இன்னிக்கி எந்த பீச்சு?" என்பாள். நான் போனைத் திருப்பிக் கடலைக் காட்டுவேன். "நல்லா இருந்துட்டு வாங்கத்த, அவசரம் இன்னா இங்க?" என்பாள். என் மருமகளுக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று இளஞ்செழியனிடம் சொன்னேன். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, காத்து ஜாஸ்தியாம். கப்பல் ஓடல" என்றான். "டிக்கெட்ட மாத்திட்டேன். ரெண்டு நாள் கழிச்சிப் போலாம்."

சரி என்று மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனேன். கோமுகி அணைத் தண்ணீர் மாதிரி கடல் அசையாமல் கிடந்தது. என் முந்தானைகூடப் பறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய வெள்ளைக் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டு துறைமுகத்தைவிட்டுப் போனது. காப்பி எடுத்துக்கொண்டு வந்த தம்பியிடம், "அது இன்னாடா?" என்றேன்.

"அது வேற தீவுக்குப் போறது."

அப்போதுதான் பாப்பாத்தி கூப்பிட்டாள். மாட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன்.

"மாடு நல்லாத்தான் இருக்குது. இப்பதான் பந்தியிலிருந்து எழுந்து வரேன்" என்றாள். "நீங்க இல்லாம எழிலுக்குத் தட்டு மாத்திட்டாங்களே, தெரியுந்தான உங்குளுக்கு? மாப்ள தியாகதுருகமாம், கூடப் படிச்ச பையனாம். பெரியவரு மூணு வாட்டி கேட்டாரு. உங்க தம்பி எழுந்து, அக்கா கடல் தாண்டிப் போயிருக்குதுன்னாரு. அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி."

"அஜித்து எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அஜித்துதான் பந்தியில எல போட்டுகினு, எல்லாரையும் கவனிச்சிகினு இருந்திச்சி. கேசரி நல்லா இருந்திச்சிக்கா."

போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். அவன் இரண்டு காப்பியையும் கையில் வைத்துக்கொண்டு மணலைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், வழியனுப்பும்போது தங்கதுரை ஏன் அழுதான் என்பதும், ஓட்டல் முதலாளி ஏன் அவ்வளவு நல்லவரானார் என்பதும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டன.

"என்ன எதுக்குடா கூட்டியாந்த?"

"அண்ணன்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"என் புள்ளய எல போட வெச்சிருக்கறீங்க. அவனுக்குன்னு வெச்சிருந்த பொண்ணோட நிச்சயத்துல, அவன் கையால எல போட வெச்சிருக்கறீங்க. நீங்கள்லாம் சோத்ததான் துன்றீங்களா?"

"யக்கா, திட்டு. எவ்ளோ வேணா திட்டு."

நான் திட்டவில்லை. திட்டினால் அவனுக்கு ஆறிப்போகும். மிச்சமிருந்த நாள் முழுக்க அவனோடு ஒரு வார்த்தை பேசாமல், அவன் கையால் சமைத்த எதையும் தொடாமல், ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுக் கப்பலேறினேன். கல்வாசல் மறைகிறவரை அவன் துறைமுகத்தில் நின்றான். நான் கை காட்டவில்லை.

விமானத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பற்றிக்கூட நான் அவ்வளவாக நினைக்கவில்லை. அஜித் இலை போட்டதைத்தான் நினைத்து நினைத்து நெஞ்சு கொதித்தது. தங்கதுரையைத் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அஜித் பைக்கில் வந்திருந்தான். இளைத்துப்போன மாதிரி தெரிந்தான். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். டவுனைத் தாண்டியதும் நான் ஆரம்பித்தேன்.

"வண்டிய நேரா பெரிய மாமன் வூட்டுக்கு வுடு. உனுக்காக நா கேக்கறேன். நீ வாயத் தொறக்காத. அம்மா இருக்கறேன். ஒரு புள்ளய இப்பிடி அவமானப்படுத்திட்டு அவன் வூட்ல எப்பிடி அடுப்பு எரியுதுன்னு பாக்கறேன்."

அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு ஒரு கரும்புக் கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினான். எதிரில் கல்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றான்.

"இன்னா சொன்ன?"

"உன்ன அங்க கூப்புட்டுக்கச் சொல்லி சின்ன மாமாகிட்ட. நாந்தான் சொன்னேன். பெரிய மாமா மொதல்ல வாணாம்னாரு. அக்காகிட்டயே சொல்லிடலாம்னாரு."

இறங்கி நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

"எழிலு போன வருசமே எங்கிட்ட சொல்லிடுச்சி, அந்தப் பையனப் புடிச்சிருக்குன்னு. எனுக்கும் அப்பிடி நெனப்பெல்லாம் இல்லம்மா. ஒரே தட்டுல துன்னு வளந்தோம். உன்கிட்ட சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல."

"சொல்லியிருந்தா நா வெத்தலய எடுத்துகினு வந்திருப்பேன்டா."

"எடுத்திருக்க மாட்ட. சபையில எழுந்து நின்னிருப்ப."

"நா நின்னிருக்க மாட்டேன்."

"நின்னிருப்பம்மா" என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். "எல்லாரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம்."

"எல்லாரும்னா யாரு?"

"பெரிய மாமா, அத்த, எழிலு, நானு. அப்பா. சின்ன மாமா போன்ல."

"எங்க உக்காந்தீங்க?"

தயங்கினான். "நம்ம வூட்லதான். நீ மீட்டிங்குக்குப் போயிருந்த."

என் வீட்டுக்குள், என் பாயில் உட்கார்ந்து, என் அடுப்பில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே, இவளை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். தங்கதுரை தனியாகச் செய்திருந்தால் அவன் ஒருத்தனை விட்டுவிட்டு மிச்சப் பேரோடு வாழ்ந்திருப்பேன். இங்கே மிச்சம் யாரும் இல்லை. நான் நின்றிருப்பேனோ மாட்டேனோ, அது எனக்கே இனிமேல் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பைக்கூட என் பிள்ளை எனக்குக் கொடுக்கவில்லை.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைக் கடந்து போனது. ஓட்டினவன் அஜித்தைப் பார்த்துக் கை காட்டினான். இவனும் பழக்கத்தில் கை காட்டினான்.

"அழுவாதம்மா" என்றான். நான் அழுவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அங்க நல்லாத்தான இருந்த? எந்த போட்டோவப் பாத்தாலும் சிரிச்சிகினு இருந்த. தண்ணில உக்காந்து சிரிச்சிகினு இருந்தியே, அந்த மாரி உன்ன நா பாத்ததே இல்ல."

"ஆமாண்டா" என்றேன். "அவ்ளோ சந்தோசமா நா என்னிக்குமே இருந்ததில்ல. வந்ததும் உன்கிட்டயும் எழிலுகிட்டயும் ஒண்ணு வுடாம சொல்லணும்னு வெச்சிருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப அத நா யாருகிட்டடா போய்ச் சொல்லுவேன்?"