சிவப்புத் துணிக்குள் காந்தம்

நான்சி நகரத்து டாக்டர் ஒருவரின் பேச்சைக் கேட்கப் போன என் வீட்டுக்காரர் மத்தியான ரயிலில் திரும்பி வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல், வைத்தியம் செய்யும் காந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எப்போதும்போல் அது சிவப்புக் கம்பளித் துணிக்குள் இறுகத் தைக்கப்பட்டுக் கிடந்தது. பிரித்தால் சக்தி கசிந்துபோகும் என்பது அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் சொன்னது. அந்தக் குருவுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம், இந்தக் காந்த வைத்தியத்தைத் தொடங்கிய வியன்னாக்காரர் காலத்திலிருந்து. முப்பது வருஷமாக எங்கள் லூனெவில் ஊர் ஜனங்களை அதைக்கொண்டு தூங்கவைத்து வலியைப் போக்கியவர் என் அன்செல்ம்.

"எல்லாம் பொய்யாம், செலீ. காந்தமும் இல்ல, கையிலேர்ந்து ஓடுற சக்தியும் இல்ல. தூங்குன்னு சொல்றோம், நம்பித் தூங்குறாங்க. நம்புறதாலதான் வலி போகுதாம். ஊரையே ஏமாத்தியிருக்கேன்."

"சாப்பிட்டுட்டு அழுங்க," என்றேன்.

சாப்பிடவில்லை. வாசலுக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். என் இடுப்பு வலி மூன்றாவது பிரசவத்தில் வந்தது. தினமும் பிளம்ஸ் மரத்தின் ஊடாக வெயில் கட்டிலில் விழும் நேரத்தில் குப்புறப் படுப்பேன். பிடரியிலிருந்து இடுப்புவரை, மேலே படாமல், காந்தத்தை மெல்ல இறக்குவார். உடம்பு வெந்நீரில் மிதப்பதுபோல் இருக்கும். கோயில் மணி தண்ணீருக்கடியிலிருந்து கேட்கும். நாலு நாள் அது இல்லாமல் என்னால் அடுப்புப் பற்றவைக்கக் குனிய முடியவில்லை. ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தேன். உள்ளே, ஒரு முனை கரிபிடித்த அடுப்புக் கம்பித் துண்டு.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உங்க கோட்டை ஆத்துல அலசினேன். பையில காந்தம் இருந்தது தெரியல, நழுவி ஆத்தோட போயிடுச்சு. உங்க மூஞ்சியப் பாக்கப் பயந்து அதே மாதிரி துணியில இதைத் தைச்சு வச்சேன்."

அவர் கம்பியை வாங்கி, கரி முனையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"அப்ப டாக்டர் சொன்னது சரிதான்," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆனா இது வெறும் கம்பின்னு உனக்குத்தான் தெரியுமே. நம்பாத உனக்கு எப்படி வலி போச்சு?"

"அதைத்தான் நானும் பதினோரு வருஷமா யோசிக்கிறேன். வாங்க, யோசிச்சுக்கிட்டே கையை வைங்க."

படுத்தேன். கம்பி மேசையிலேயே கிடந்தது. பின்னால் அவர் வெறும் கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிடரிக்கு மேலே, படாமல், ஒரு கை வந்து நின்றது. அதன் சூடு எனக்குத் தெரிந்தது.

"செலீ, இப்ப உன்னைத் தூங்கவைக்க நான் என்ன சொல்லணும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோயில் மணி தண்ணீருக்கடியில் அடிக்கத் தொடங்கியிருந்தது.