அகல நெற்றி

“நேராப் போனா ஒரு குறையும் இல்ல பாய். ஆயக்குடி வரைக்கும் நேராவே போகச் சொல்லுங்க.”

“ஒட்டன்சத்திரத்துல ரோடு வளையுதே, அத நீ வந்து நிமித்தி வைக்கிறியா?”

“அதுக்குத்தான் தட்டைப் பின்னாடி தள்ளி வைக்கலாங்கறேன்.”

“தள்ளி வச்சா பாரம் பின்னாடி எறங்கி முன் சக்கரம் ரெண்டும் ஆகாசத்தப் பாக்கும். அப்புறம் ஸ்டீயரிங் எதுக்கு, புடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுறதுக்கா?”

பட்டறைக்காரன் கிளெமென்ட்டும் மீரானும் இப்படிக் கத்திக்கொண்டிருக்க, ஹுஸ்னா தன் உள்ளங்கையை டிரெய்லரின் மூலைக்கும் பிக்கப்பின் பின்கண்ணாடிக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். கை போனது. ஆனால் திருப்ப இடமில்லை. பட்டறை வாசலில் வண்டி பாதிதான் வளைந்திருந்தது. அதற்குள்ளேயே இந்த நெருக்கம். இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தால் கண்ணாடி சில்லு சில்லாகப் போயிருக்கும்.

பிக்கப் அவளுடைய அண்ணன் மீரானுடையது. பேகம்பூரிலிருந்து கடைகளுக்குத் தோல் கட்டுகள் ஏற்றிப்போகிற வண்டி. முன்னாலும் பின்னாலுமாக இரண்டு வரிசை இருக்கை. அதனால் சரக்கு வைக்கும் தொட்டி குட்டை. அந்தத் தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே, குதிரை லாடம் போன்ற ஓர் இரும்புத் தட்டை கிளெமென்ட் முடுக்கியிருந்தான். டிரெய்லரின் மூக்குக்கு அடியிலிருந்து இறங்கும் தடித்த இரும்பு முளை அந்தத் தட்டின் வாயில் போய்க் கவ்விக்கொள்ளும். உருளவே உருளாத அந்தத் தட்டுக்கு பிஃப்த் வீல் என்று பேர். “அஞ்சாவது சக்கரமா? மிச்ச நாலும் கோவிச்சுக்காதாக்கா?” என்று கேட்டு தீபா அன்று முழுக்கச் சிரித்தாள்.

தீபாவும் ஹுஸ்னாவும் மணப்பெண் அலங்காரம் செய்பவர்கள். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்கு ஓர் அறை, சீர்வரிசைக்கு ஓர் அறை, கோபித்துக்கொண்ட பெரியப்பாவுக்குக்கூட ஓர் அறை இருக்கும். பெண்ணை மட்டும் எங்கேயாவது திணித்துவிடுவார்கள். போன தை மாதம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கண்மை தீட்டினார்கள். பெண்ணின் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று சொந்தக்காரர்கள் உருகிப்போனார்கள். அன்றைக்குத்தான் ஹுஸ்னா முடிவெடுத்தாள்: பெண்ணுக்கென்று ஓர் அறையை நாமே இழுத்துக்கொண்டு போய்விடுவோம். ஆளுயரக் கண்ணாடி, ஏசி, சுழல் நாற்காலி, உள்ளிருந்து தாழிடக் கதவு. நாளைக்கு ஆயக்குடியில் அதன் முதல் மணப்பெண்.

“எங்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்,” என்றான் மீரான். “பெட்டியத் தூக்கிட்டு பஸ்ஸுல போயிருங்க. என் வண்டிக் கண்ணாடி தப்பிக்கும்.”

“பெட்டியத் தூக்கிட்டுத்தான் பத்து வருசமாப் போறோம்ண்ணே.”

கிளெமென்ட்டுக்கு முகம் தொங்கிவிட்டது. லாரிக்கு பாடி கட்டியே பழகிய கை அவனுடையது. லாரி என்றால் முன்பக்கம் மேலே புடைத்துக்கொண்டு ஒரு நெற்றி இருந்தாக வேண்டும்; அதில்தான் பேர் எழுதுவார்கள். யாரும் கேட்காமலேயே இந்த டிரெய்லருக்கும் ஆசை ஆசையாக ஒரு நெற்றி வைத்து, ரோஜா நிறத்தில் ‘ஹுஸ்னா மணமகள் அலங்காரம்’ என்று எழுதி, இருபுறமும் மயில் வரைந்திருந்தான்.

“நாமக்கல்லுல கூட இப்படி ஒரு நெத்தி பாக்க முடியாதுக்கா. நெத்தி இல்லாத வண்டிய நான் பட்டறைய விட்டு அனுப்புனதே இல்ல. பொட்டு இல்லாத மூஞ்சி மாதிரில்ல இருக்கும்?”

“எங்க வீட்டுல எல்லா மூஞ்சியும் அப்படித்தான்டா இருக்கு,” என்றான் மீரான்.

தீபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹுஸ்னா சிரிக்கவில்லை. அவள் பின்னால் நடந்து, சாலையோரம் போய் நின்று, டிரெய்லரின் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அகல நெற்றி. மூலை இரண்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்படி ஒரு பெண் வந்தால் என்ன செய்வாள்? நடு நெற்றியைத் தொடமாட்டாள். இரண்டு ஓரத்தையும் நிழலிட்டு ஒதுக்குவாள். முகம் தானாக உருண்டு வந்துவிடும்.

“தீபா, நூல எடு. புருவப் பென்சிலும்.”

“யாருக்குக்கா?”

“இவளுக்குத்தான்.”

டிரெய்லரைக் கழற்றி அதன் இரும்புக் கால்களில் நிறுத்தச் சொன்னாள். பிக்கப்பை முன்னால் நகர்த்தியதும், முதலில் தட்டின் வாயிலிருந்து பின்கண்ணாடி வரை நூலை இழுத்துப் பிடித்தாள். அதில் நாலு விரல் குறைத்து முடிச்சுப் போட்டாள். பிறகு நூலின் மறுமுனையை டிரெய்லரின் முளையில் கட்டி, முடிச்சில் பென்சிலை வைத்து, மூக்கின் அடித்தகட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே வீச்சாகக் கோடு இழுத்தாள். குனிந்து பார்த்த மீரான் புருவத்தைச் சுருக்கினான். வண்டி எப்படித் திரும்பினாலும் டிரெய்லர் அந்த முளையைச் சுற்றித்தானே திரும்பும்? வில்லாய் வளைந்த கோட்டுக்கு வெளியே மூலைகள் இரண்டும், கிளெமென்ட்டின் நெற்றி முழுவதும் நீட்டிக்கொண்டு நின்றன.

“இதுக்கு வெளிய இருக்கறது அம்புட்டும் போகணும், கிளெமென்ட்.”

“அக்கா! பேரு போயிரும்க்கா. மயிலு!”

“பேர பக்கவாட்டுல எழுதிக்கலாம். மயில் எங்கயாவது பறந்து போகட்டும்.”

வெட்டும்போது அவன் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை மட்டும் பிசகவில்லை. உள்ளே புடவை தொங்கவிட வைத்திருந்த இரண்டு மூலை அலமாரிகளும் போயின. தகட்டை உருட்டி வளைத்து அவன் மூடி முடித்தபோது, டிரெய்லருக்கு வழுவழுவென்று ஒரு முகம் வந்திருந்தது.

“பாக்க நல்லாத்தான் இருக்கு,” என்றான் மீரான். “நாளைக்கு நானும் வாரேன். பின் சீட்டுல திரும்பி உக்காந்து பாத்துக்கிட்டே வருவேன். கண்ணாடியில லேசா ஒரசுனாலும் சரி, அங்கயே கழட்டி விட்டுட்டு என் வண்டிய ஓட்டிட்டு வந்துருவேன். இனிமே கேக்கக் கூடாது.”

“சரிண்ணே,” என்றாள் ஹுஸ்னா. வேறு இழுவை வண்டிக்கு அவளிடம் வழி கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். ஹுஸ்னா ஓட்ட, தீபா பக்கத்தில். பின் இருக்கையில் மீரான் அலங்காரப் பெட்டிகளுக்கு நடுவே மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கு படப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தான். ஒட்டன்சத்திரத்து வளைவு அகலமாக இருந்தது. கண்ணாடி தப்பியது. பழனி மலை கண்ணில் பட்டபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்கு நடுவே வீடு. சந்தின் ஒரு பக்கம் சுவர். எதிரே, சந்திலிருந்து செங்குத்தாகத் திரும்பி நுழையும்படி, கேட். பெண்ணின் அப்பா பொன்னுத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏனுங்க, என்னங்க இது, பஸ்ஸாட்ட இருக்குது! உள்ள வளையாதுங்க. ரோட்டுலயே நிறுத்திக்கங்க, புள்ளய நடத்திக் கூட்டியாறோம்.”

“மணப்பொண்ணு எதுக்குங்க புழுதியில நடக்கணும்? வாசலுக்கே வாரேன்.”

சுவரோரம் ஒட்டிப் போய், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாள். பிக்கப் கேட்டுக்குள் தலையை நுழைத்தது. டிரெய்லர் இன்னும் சந்திலேயே நின்றது.

“வருது,” என்றான் மீரான். “ஹுஸ்னா, ஓரம் வருது. வந்துருச்சு. நிறுத்து!”

அவள் நிறுத்தவில்லை. காலை பிரேக்கின் மேல் மிதக்கவிட்டு, ஊர்ந்தாள். தீபா கண்ணை மூடிக்கொண்டாள். மேலே கொய்யாக் கிளைகள் தகரத்தைத் தேய்த்தன.

ஹுஸ்னா தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லரின் உருண்ட முகம், பின்கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நாலு விரல் இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. மீரான் வாயைத் திறந்தபடி இருந்தான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடியில் வட்டமாகப் பனி பூத்திருந்தது.

வண்டி வாசற்படிக்கு முன்னால் போய் நின்றதும் கல்யாண வீடே கைதட்டியது. பந்தல் போடுகிறவர்கள் ஏணியிலிருந்தே விசிலடித்தார்கள். மணப்பெண் அறிவுச்செல்வி தலையில் துண்டோடு ஓடிவந்து படியேறி, உள்ளே பார்த்து, “எனக்கே எனக்குங்களா?” என்றாள். கதவைத் தாழிட்டாள். பின்னாலேயே ஏற வந்த நாலைந்து அத்தைமார்கள் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் மறுபடி கதவைத் திறந்து இறங்கியபோது நாதஸ்வரக்காரர் ஊதுவதை மறந்துவிட்டார். காந்திகிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், தன் மகளுக்கும் இதே வண்டிதான் வேண்டும் என்று தீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தீபா ஆளுக்கொரு தேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீரான் மணப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தான். வளைந்த தகட்டின் மேல் கையை ஓட்டினான். கேட் வரை நடந்துபோய், சந்தின் அகலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். கை கழுவிக்கொண்டிருந்த தங்கையின் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காதபடி தொண்டையைச் செருமினான்.

“ஹுஸ்னா... திரும்பிப் போகையில, இந்தக் கேட்டுல மட்டும், ஒரே ஒரு தடவ நான் வளைச்சுப் பாக்கட்டுமா?”