பத்து வெள்ளைத்தாள்கள்

முதலில் வந்தவன் மரியாதையாக வக்கீல் ஆபீஸ் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். தட்டிய கையிலேயே இரும்புக்கம்பி இருந்தது. பின்னால் மூன்று பேர். பட்டப்பகல், பதினொரு மணி. கம்ப்யூட்டர் போனது, கண்ணாடி அலமாரி போனது. குமாஸ்தா குறுக்கே விழுந்தார். கண்ட காகிதத்தையெல்லாம் பின் அடித்து வைப்பதால் கோர்ட் முழுக்க அவருக்கு ஸ்டேப்ளர் என்றே பெயர். அவருடைய வலது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்து மூடினார்கள். மூன்று முறை. வக்கீலம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, ஒருவன் அதைப் பார்க்க வைத்தான். விரல் முறியும் சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

போகும்போது ஒரே ஒரு கேஸ் கட்டைத்தான் எடுத்துப்போனார்கள். லாரி டிரைவரின் கட்டு. அமைச்சரை எதிர்த்துக் கோஷம் போட்ட அவனுடைய தம்பியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், மறுநாள் காலையில் பிணமாகத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சாவுக்காகப் போலீஸ்காரர்கள் மேல் டிரைவர் போட்ட வழக்கு அது.

"போனா போகுது, எல்லாம் நகல்தான். ஒரிஜினல் கோர்ட்ல பத்திரமா இருக்கு" என்றாள் வக்கீலம்மா, ஆஸ்பத்திரியில்.

ஸ்டேப்ளர் தன் கையின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியில வெள்ளத்தாள் பத்து இருந்துதேம்மா."

டிரைவர் மாதத்தில் இருபது நாள் ரோட்டில் கிடப்பவன். அவசரமாக மனு போட வேண்டி வந்தால் அவனை எங்கே போய்ப் பிடிப்பது? அதனால் பத்து வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். வக்கீல்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் தொழிலே போய்விடும் என்பதால், ஒருவரும் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை. வெறும் தாள்தானே என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு ஒரு மாதத்தைக் கடத்தினாள்.

ஒரு மாதம் கழித்து, வக்கீல்களை விசாரிக்கும் ஒழுங்குக் குழுவிலிருந்து நோட்டீஸ் வந்தது. கூடவே ஒரு புகார்: 'என் தம்பி காய்ச்சலில்தான் இறந்தான். அரசியல் உள்நோக்கத்தோடு வக்கீல் என்னை மிரட்டிப் பொய் வழக்கு போட வைத்தார்.' அடியில் டிரைவரின் கையெழுத்து. அசல் கையெழுத்து. குழு இதை ஏற்றுக்கொண்டால் அவளும் காலி, தம்பியின் வழக்கும் காலி.

விசாரணை அன்று மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர், தேர்தல் சமயத்தில் ஆளுங்கட்சி மேடையை விட்டு இறங்காதவர். டிரைவரை இரண்டு தடியர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். அவனுடைய மேலுதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் அவனால் உட்கார முடிந்தது.

"கையெழுத்து உன்னுதா?"

"என்னுதுதாங்க."

"நீயா எழுதிக் குடுத்ததா?"

டிரைவர் கதவைப் பார்த்தான். "ஆமாங்க."

"குறுக்கு விசாரணை இருக்காம்மா?" தலைவர் பல் குத்தாத குறையாகக் கேட்டார்.

பத்துக் கேள்வியில் அவனை உடைத்துவிட அவளால் முடியும். எங்கே வைத்து எழுதினாய், யார் டைப் அடித்தது, உதட்டைக் கிழித்தது யார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். கொட்டிவிட்டு அந்த இருவரோடு படியிறங்கிப் போக வேண்டியவனும் அவன்தான். மேசையைத் தூக்கித் தலைவர் மண்டையில் போட வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. உள்ளங்கையில் நகம் பதியும்வரை கையை இறுக்கிக்கொண்டாள்.

"அவர்கிட்ட கேள்வி இல்ல. நான் சொல்றத எழுதிக்குங்க. வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கி வச்சது நான். என் ஆபீஸ உடைச்சுத் திருடிட்டுப் போன தாள் இது. மேல இருக்கற ஒரு வரிகூட இவரு எழுதுனது இல்ல."

தலைவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதுக்கு வக்கீல் பட்டியல்லேருந்து உங்க பேரையே நீக்கணும்."

"நீக்குங்க. ஆனா புகார் இவரோடது இல்லன்னு அதே பக்கத்துல எழுதுங்க. தம்பி கேஸப் பொய்க் கேஸுன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது."

டிரைவரை வெளியே அனுப்பினார்கள். அவள் வாக்குமூலத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சுவரில் ஏதோ மோதியது. இன்னொரு முறை மோதியது. பிறகு யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம். சத்தம் கதவுப் பக்கமிருந்து வந்தது. தலைவர் உதவியாளரைக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அவள் ஓடி வந்தபோது தடியர்கள் இருவரும் அவசரமில்லாமல் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தான். தையல் பிரிந்து வாயெல்லாம் ரத்தம். மண்டியிட்டு, வக்கீல் கவுனைக் கழற்றிச் சுருட்டி அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

அவன் துணியை விலக்கினான். "கேஸு நிக்குமாக்கா?"

"நிக்கும். நீ பேசாத."

"நீங்கதான வாதாடுவீங்க?"

அவள் கவுனை மறுபடி அழுத்தினாள். கறுப்புத் துணியில் ரத்தம் தெரியவில்லை. கைக்குள் அது கனத்துக்கொண்டே போனது.